மரக்கட்டை மேல் முழங்கும் முரசு

வட அமெரிக்கக் காடுகளில் ஏப்ரல் மாதம் பனி உருகும் காலம். மரங்கள் இன்னும் தளிர்க்கவில்லை. பொழுதும் சரியாகப் புலரவில்லை. எங்கிருந்தோ "தும்... தும்..." என்று மெல்லிய அதிர்வு ஒன்று வருகிறது. முதலில் வினாடிக்கு ஒன்றாக விட்டுவிட்டு வரும் அடிகள் வர வர நெருங்குகின்றன. எட்டு அல்லது பத்து வினாடிக்குள் தனித்தனி அடிகள் மறைந்து, எல்லாம் ஒரே உருட்டலாக முடிந்து அடங்கிவிடுகிறது. முதன்முறை கேட்பவர் தம் நெஞ்சுத் துடிப்போ என்று மயங்குவதும் உண்டு. ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சொல்வதும் எளிதன்று.

இந்த முழக்கத்துக்குச் சொந்தக்காரர் அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான எடையுள்ள ஒரு சேவல். 'ரஃப்டு கிரௌஸ்' என்பது அதன் பெயர். கிரௌஸ் இனங்கள் யாவும் நம் மயிலும் கவுதாரியும் காட்டுக்கோழியும் அடங்கிய பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. (நம் வறண்ட காடுகளில் காணப்படும் கல்கவுதாரியின் ஆங்கிலப் பெயரிலும் 'கிரௌஸ்' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது வேறு குடும்பம். பெயரை வைத்து உறவு கொண்டாட முடியாது.) இளவேனிலில் இந்தச் சேவல் விழுந்து கிடக்கும் மரக்கட்டை ஒன்றின் மேல் ஏறி நின்று, வாலைக் கட்டையில் ஊன்றிச் சிறகுகளை அடிக்கும். பெட்டைகளுக்கு அழைப்பு, மற்றச் சேவல்களுக்கு எச்சரிக்கை.

சிறகை அடிக்கிறது, சரி. ஆனால் எதன் மீது அடிக்கிறது? இந்தச் சிறிய கேள்விக்கு விடை காண ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று என்றால் நம்புவீர்களா?

உள்ளே பொந்தான மரக்கட்டையைச் சிறகால் தட்டுகிறது, அதனால்தான் முரசு போல் ஒலிக்கிறது என்றார்கள் சிலர். கட்டைக்குப் பதில் கல்லின் மேலோ மண்மேட்டிலோ நிற்கும் சேவலும் அதே ஒலியை எழுப்புகிறதே என்று மறுத்தார்கள் வேறு சிலர். இரு சிறகுகளும் முதுகுக்கு மேலே ஒன்றோடொன்று மோதுகின்றன என்பது மூன்றாவது கட்சி. விலாப்பக்கங்களில் அடித்துக்கொள்கிறது என்பது நான்காவது. அமெரிக்கப் பறவைகளை ஓவியமாக வரைந்து புகழ் பெற்ற ஆடுபான் இந்தக் கட்சிக்காரர். வெறும் காற்றைத்தான் அடிக்கிறது என்று சொன்னவர்களும் இருந்தார்கள். காற்றை அடித்தால் இவ்வளவு ஒலி வருமா என்று அவர்களை யாரும் பொருட்படுத்தவில்லை.

இவர்கள் யாரும் வீட்டிலிருந்தபடி கற்பனை செய்தவர்கள் அல்லர். பெரும்பாலோர் காட்டில் மறைந்திருந்து நேரில் கண்டவர்கள். ஒரே காட்சியைக் கண்ட நல்ல கண்கள் நான்கு விதமாகச் சாட்சி சொன்னதற்குக் காரணம் என்ன? விடை நம் கண்ணின் அமைப்பில் இருக்கிறது. கண்ணில் பட்ட காட்சி மறையச் சிறிது நேரமாகும். வினாடிக்குப் பதினைந்து, இருபது முறை மாறும் தோற்றங்களை நம்மால் தனித்தனியே பிரித்துப் பார்க்க இயலாது. திரைப்படம் என்ற ஒன்று நமக்குக் கிடைத்ததே கண்ணின் இந்தக் குறையால்தான். கிரௌஸின் சிறகு வேகம் பிடித்த பிறகு நாம் காண்பது சிறகையன்று, பழுப்பு நிறமான ஒரு புகைமூட்டத்தை. புகைமூட்டத்துக்குள் யார் எதை வேண்டுமானாலும் காணலாம்.

சரி, புகைப்படம் எடுத்துப் பார்த்துவிடலாமே என்று தோன்றுகிறதல்லவா? அந்நாளில் அது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிறகின் நுனி ஒரு வீச்சில் 30 சென்டிமீட்டர் நகர்கிறது என்றும், அந்த வீச்சுக்கு ஆகும் நேரம் வினாடியில் நாற்பதில் ஒரு பங்கு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். வேகம் வினாடிக்கு 12 மீட்டர் ஆகிறது. காமிராவின் கதவு வினாடியில் நூறில் ஒரு பங்கு நேரம் திறந்து மூடினால், அதற்குள் சிறகு நுனி 12 சென்டிமீட்டர் ஓடிவிடும். படத்தில் விழுவது அதே புகைமூட்டம்தான். ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமென்றால் நகர்வு ஒரு சென்டிமீட்டரை ஒட்டி வரும். சிறகின் நிலை தெளியும். ஆனால் கதவு திறக்கும் நேரம் பத்தில் ஒன்றானால் உள்ளே வரும் ஒளியும் பத்தில் ஒன்றாகிவிடுமே! சேவல் முழங்குவதோ விடியற்காலையில், மர நிழலில். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புகைப்படக்காரர்கள் சுமந்து சென்ற கண்ணாடித் தட்டுகளின் மருந்துப் பூச்சு இன்றைய காமிராக்களோடு ஒப்பிடுகையில் மிகவும் மந்தமானது. வெளிச்சம் வேண்டுமென்றால் பறவை மங்கும். பறவை தெளிய வேண்டுமென்றால் படமே கறுக்கும்.

இன்னொரு தொல்லை, பறவையை நெருங்குவது. இங்கிலாந்தில் ரிச்சர்டு கேர்ட்டன், செர்ரி கேர்ட்டன் என்ற சகோதரர்கள் இதற்கென்றே பல தந்திரங்கள் செய்தார்கள். 1895-இல் இவர்கள் வெளியிட்ட பறவைக் கூடுகளைப் பற்றிய நூல் முழுவதும் காட்டில் நேரடியாக எடுத்த புகைப்படங்களால் ஆனது. பாடம் செய்த மாடு ஒன்றைக் குடைந்து, அதன் வயிற்றுக்குள் காமிராவோடு ஒளிந்துகொண்டு படம் பிடித்ததும் இவர்கள்தாம். மேய்கிற மாட்டைக் கண்டு எந்தப் பறவையும் பறப்பதில்லை என்பது அவர்கள் கணக்கு. கணக்கு சரிதான், உள்ளே இருந்தவர் மயங்கி, மாடே கவிழ்ந்துபோனதும் உண்டு. பிற்காலத்தவர் மாட்டை விட்டுவிட்டுக் கித்தான் கூடாரத்துக்கு மாறிக்கொண்டார்கள்.

கிரௌஸ் இனங்கள் ஒரு விதத்தில் புகைப்படக்காரருக்கு உதவி செய்கின்றன. ரஃப்டு கிரௌஸ் ஆண்டுதோறும் அதே கட்டைக்கு வரும். திறந்தவெளியில் வாழும் மற்ற கிரௌஸ்களின் சேவல்கள் கூட்டமாக ஒரே ஆட்டக்களத்தில் கூடும். இந்தக் களத்துக்கு 'லெக்' என்று பெயர். விளையாட்டு என்று பொருள்படும் சுவீடன் நாட்டுச் சொல் அது. பறவையைத் தேடி அலைய வேண்டாம். களத்தருகே மறைவிடத்தை முன்கூட்டியே அமைத்து, பறவைகள் அதற்குப் பழகிய பின், இருட்டிலேயே உள்ளே போய் உட்கார்ந்தால் போதும்.

1905-ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கிளார்க் பல்கலைக்கழகத்தின் உயிரியல் பேராசிரியர் ஹாட்ஜ், தாமே வளர்த்துப் பழக்கிய கிரௌஸ் முழங்குவதைப் படமெடுத்து வெளியிட்டார். (இயற்பியல் மாணவர்களுக்கு இந்தப் பல்கலைக்கழகம் வேறு காரணத்தால் தெரிந்திருக்க வேண்டும். ஒளியின் வேகத்தை அளந்த மைக்கேல்சன் முன்னதாகவும், ராக்கெட் முன்னோடி காடார்டு பின்னதாகவும் பணியாற்றிய இடம் அது.) அழகிய படங்கள், ஆயினும் வழக்கு தீரவில்லை. ஏன் என்று பாருங்கள். நிலைப்படம் ஒரு கணத்தில் சிறகு எங்கே இருந்தது என்று காட்டும். அது விலாவை ஒட்டி இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். அங்கே மோதியதா, மோதாமல் திரும்பியதா? அதற்கு முந்திய கணமும் பிந்திய கணமும் வேண்டும்.

அந்தக் கணங்களைக் கொடுத்தது திரைப்படக் காமிரா. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1915-இல் பறவையியல் ஆய்வகத்தைத் தொடங்கிய ஆர்தர் ஆலன், 1920-களின் பிற்பகுதியில் முழங்கும் கிரௌஸை மெதுவியக்கப் படமாக எடுத்தார். ஊமைப்படக் காலத்தில் காமிரா வழக்கமாக வினாடிக்கு 16 படங்கள் எடுக்கும். அந்த வேகம் கிரௌஸுக்குப் போதாது. ஒரு படத்துக்குள்ளேயே சிறகு ஒரு முழு வீச்சை முடித்துவிடும். காமிராவை விரைவாக ஓட்டி எடுத்து, பிறகு வழக்கமான வேகத்தில் திரையிட்டால் காலம் நீளும். எடுத்துக்காட்டாக, வினாடிக்கு 128 படங்கள் எடுத்து 16 வீதம் காட்டினால் பத்து வினாடி முழக்கம் எண்பது வினாடிக் காட்சியாக விரியும். கண்ணுக்குப் புகையாயிருந்தது இப்போது சிறகாகிறது.

ஆலனின் படச்சுருள் சொன்ன தீர்ப்பு இது: சிறகுகள் கட்டையைத் தொடவில்லை. மார்பைத் தொடவில்லை. ஒன்றையொன்றும் தொடவில்லை. குவித்த உள்ளங்கை போல வளைந்த சிறகுகள் முன்னோக்கியும் மேல்நோக்கியும் விசையுடன் வீசும்போது காற்றிலேயே ஒலி பிறக்கிறது. யாரும் பொருட்படுத்தாத கட்சியே வென்றது!

காற்றை அடித்தால் இவ்வளவு ஒலி வருமா என்ற பழைய கேள்விக்கு நீங்களே சோதனை செய்து விடை காணலாம். கடினமான அட்டை ஒன்றை அகலவாட்டில் பிடித்துக்கொண்டு சட்டென்று வீசுங்கள். அட்டை எதிலும் மோதாமலே 'தொப்' என்று கேட்கும். சட்டென்று தள்ளப்பட்ட காற்றில் அழுத்த மாற்றம் ஏற்பட்டு, அது அலையாகப் பரவுகிறது. சில நூல்களில் இதை 'சிறிய இடி' என்றும், ஒலியை மிஞ்சும் விமானத்தின் வெடியோசை என்றும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வெடியோசைக்குச் சிறகு வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தை எட்ட வேண்டும். நாம் மேலே போட்ட கணக்கில் வந்தது 12 மீட்டர்; நம் உத்தேசம் இரண்டு மூன்று மடங்கு தவறியிருந்தாலும் ஒலியின் வேகத்துக்கு அது கிட்டேயும் வராது.

இந்த ஒலியின் அதிர்வெண் ஏறக்குறைய 40 ஹெர்ட்ஸ். இதைச் சிறகடிக்கும் எண்ணிக்கையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒரு முழக்கத்தில் மொத்தமே ஐம்பது அடிகள் அளவில்தான் இருக்கும். ஒவ்வோர் அடியும் எழுப்பும் காற்றலையின் தன்மையே 40 ஹெர்ட்ஸ். தெருமுனை மின்மாற்றியின் உறுமலைக் கேட்டிருப்பீர்கள். அது 100 ஹெர்ட்ஸ். கிரௌஸின் முரசு அதில் பாதிக்கும் கீழே. மனிதச் செவியின் அடி எல்லையான 20 ஹெர்ட்ஸிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. அதனால்தான் கேட்பதைவிட உணர்வதாகத் தோன்றுகிறது. அலைநீளம் காண 340-ஐ 40-ஆல் வகுங்கள்: எட்டரை மீட்டர்! இவ்வளவு நீண்ட அலை மரங்களையும் புதர்களையும் வளைத்துக்கொண்டு போய்விடும். நம் இரு காதுகளுக்கிடையே உள்ள ஒரு சாண் தொலைவு இந்த அலைக்கு ஒன்றுமே இல்லையாதலால் திசை காண்பது கடினமாகிறது. கிரௌஸை வேட்டையாடும் பெரிய கொம்பு ஆந்தைக்கு இவ்வளவு தாழ்ந்த ஒலி சரியாகக் கேட்பதில்லை என்றும் ஆராய்ந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். உண்மையானால், எதிரியின் செவிக்குக் கீழே நுழைந்து செல்லும் அழைப்பு இது.

படத்தோடு ஒலியும் வேண்டும் என்ற எண்ணம் அடுத்து வந்தது. 1929 மே மாதத்தில் ஆலனும் அவருடன் பணியாற்றிய பீட்டர் பால் கெல்லாக்கும், பேசும்பட நிறுவனம் ஒன்றின் கருவிகளைக் கொண்டு, கார்னெல் இருக்கும் இத்தாக்கா நகரத்துப் பூங்காவில் பறவைகளின் பாட்டைப் படச்சுருளில் பதிவு செய்தார்கள். அமெரிக்காவில் காட்டுப் பறவைகளின் குரல் பதிவானது அதுவே முதல் தடவை. அந்த முறையில் ஒலி, படச்சுருளின் ஓரத்தில் ஒளியால் வரையப்பட்ட கோடாக விழுகிறது. இதில் ஓர் அழகு உண்டு. 35 மில்லிமீட்டர் பேசும்படச் சுருள் வினாடிக்கு 18 அங்குலம், அதாவது சுமார் 457 மில்லிமீட்டர் ஓடும். 40 ஹெர்ட்ஸ் ஒலியானால் ஓர் அலைக்குக் கிடைக்கும் நீளம் 11 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பள்ளிக்கூட அளவுகோலை வைத்தே அதிர்வெண்ணைக் கண்டுவிடலாம்.

1932-இல் கார்னெலில் பீட்டர் கீன் என்ற மாணவரும் மக்லீன் என்ற மின்பொறியியல் பேராசிரியரும், தொலைவிலுள்ள பறவையின் குரலைக் குவித்துப் பிடிக்கப் பரவளையக் கிண்ணம் ஒன்றைச் செய்தார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் செய்து இயற்பியல் துறையில் கிடந்த அச்சுகள் அதற்குக் கைகொடுத்தன. பாடும் பறவைகளுக்கு அருமையான கருவி. ஆனால் கிரௌஸின் முரசுக்கு அது உதவாது. அலைநீளத்தைவிடக் கிண்ணம் பெரிதாக இருந்தால்தான் அலை குவியும். எட்டரை மீட்டர் அலைக்கு ஒரு மீட்டர்க் கிண்ணம் எம்மட்டு? மைக்கைக் கட்டையருகே கொண்டுபோய் வைப்பதுதான் வழி. மாணவர்கள் இதை ஒலியியல் பாடத்தில் வரும் சூத்திரமாக மட்டும் எண்ணாமல் இப்படி ஒரு காட்டுக் காட்சியோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சேவலின் முழக்கமும் வேறு சேவலினதிலிருந்து பிரித்தறியும் அளவுக்குத் தனித்தன்மை உடையது என்று கனடாவில் நடந்த ஆய்வொன்று 2012-இல் காட்டியது.

ஆட்டக்களங்களுக்கு வருவோம். இங்கே கேள்வி வேறு. சேவல்கள் கூடி ஆடுவதும் சண்டையிடுவதும் யாருக்காக? அழகிய சேவலைப் பெட்டைகளே தேர்ந்தெடுக்கின்றன என்று டார்வின் 1871-இல் எழுதியபோது, வாலஸ் உள்ளிட்ட பலர் ஏற்கவில்லை. எட்மண்ட் செலூஸ் என்ற ஆங்கிலேயர் 1907-இல் ஸ்காண்டிநேவியாவுக்குப் போய்க் கருங்கிரௌஸ்களின் களத்தருகே விடியலுக்கு முன்பே மறைந்திருந்து குறிப்பெடுத்தார். பெட்டைகள் நிதானமாகக் களத்தைச் சுற்றி வந்து தேர்வதை அவர் கண்டார். காமிராவின் துணையில்லாமல் கண்ணையும் பென்சிலையும் மட்டும் நம்பிச் செய்த வேலை அது. அவருடைய அண்ணன் பேர்போன வேட்டைக்காரர். தம்பியோ பறவையைச் சுட்டு ஆராய்வதை வெறுத்தவர். வையோமிங் மாநிலத்தில் ஜான் ஸ்காட் 1942-இல் வெளியிட்ட சேஜ் கிரௌஸ் ஆய்வில், களத்தின் தலைமைச் சேவல்களே ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இணைசேர்தலை நடத்தியது தெரிய வந்தது. மற்றவை வெறுமனே ஆடிக்கொண்டிருந்தன.

சேஜ் கிரௌஸின் படங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். வாலைக் கூரிய விசிறியாக விரித்து, வெண்மார்பிலிருந்து இரண்டு மஞ்சள் காற்றுப் பைகள் புடைக்க நிற்கும் சேவல். ஏறக்குறைய எல்லாப் படங்களும் நேர் எதிரே இருந்து எடுத்தவை. புகைப்படக்காரர் விரும்பும் கோணம் அது. பெட்டையும் அங்கேதான் நிற்கும் என்று நாமும் எண்ணிக்கொண்டோம். 1999-இல் டான்ட்ஸ்கர், டீன், பிராட்பரி ஆகியோர் சேவலைச் சுற்றிலும் மைக்குகளை வைத்து அளந்தபோது, ஒலி எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவவில்லை. சில பகுதிகள் நேர் எதிரே மிகவும் குன்றிப்போகின்றன என்று கண்டார்கள். ஆடும் சேவல் பெட்டைக்கு நேர்முகம் காட்டாமல் பெரும்பாலும் பக்கவாட்டில் திரும்பி நிற்பதன் பொருள் அப்போது ஒருவாறு விளங்கியது. நூறாண்டுகளாக எடுத்த அழகிய படங்கள் இந்த ஒரு செய்தியைச் சொல்லாமலே இருந்துவிட்டன!

கலிபோர்னியாவின் கெயில் பாட்ரிசெல்லி காமிராவை மறைவிடத்திலிருந்து எடுத்துப் பெட்டைக்குள்ளேயே வைத்துவிட்டார். பெட்டை என்றால் இயந்திரப் பெட்டை. பாடம் செய்த பெட்டைக் கோழியின் தோலுக்குள் மோட்டார், காமிரா, மைக்; முதலில் பொம்மை ரயிலின் தண்டவாளத்தில் ஓடியது. சேவல்கள் அதை நம்பி ஆடின. பெட்டை தொலைவில் இருக்கையில் அடக்கி ஆடி, நெருங்கும்போது வேகத்தைக் கூட்டும் சேவல்களே இணைசேர்வதில் வெற்றி பெற்றவை என்று 2010-இல் அவர் வெளியிட்டார். கேர்ட்டன் சகோதரர்கள் இருந்திருந்தால் தங்கள் மாட்டை நினைத்துச் சிரித்திருப்பார்கள்.

நம் மயிலையும் இந்த முறை விட்டுவைக்கவில்லை. தோகையை விரித்த மயில் அதைச் சிலிர்த்து நடுக்குவதைக் கண்டிருப்பீர்கள். அதிவேகக் காமிராவால் 2016-இல் அளந்தபோது தோகை வினாடிக்கு ஏறக்குறைய 25 தடவை அதிர்வதும், சுற்றியுள்ள இழைகள் ஆடும்போது கண் போன்ற புள்ளிகள் மட்டும் அசையாதவை போல நிற்பதும் தெரிந்தன. ஆய்வுக் குழுவில் ஓர் இயற்பியல் ஆசிரியையும் இருந்தார் என்பது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

இனி ஒரு சேதி. பறவைப் பாட்டு முதன்முதலில் படச்சுருளில் பதிவான அந்த 1929-க்குத் திரும்ப வேண்டும்.

அமெரிக்கக் கீழைக்கரையோரத்தில் ஒரு காலத்தில் ஏராளமாக இருந்தது 'ஹீத் கோழி'. பிரெய்ரி கோழி என்னும் கிரௌஸின் நெருங்கிய உறவு. கழுத்துப் பைகளை ஊதி முழங்கும். ஏழைகளின் சாப்பாடு என்று சொல்லுமளவுக்கு வேட்டையாடித் தின்றார்கள். 1870-களுக்குள் பெருநிலத்தில் ஒழிந்து, மார்த்தாஸ் வினியார்டு என்ற தீவில் மட்டும் எஞ்சியது. 1908-இல் அங்கே காப்பிடம் அமைத்தபோது மிச்சம் ஐம்பது அளவில். காப்பிடத்தால் அவை வெகுவாகப் பெருகின. 1916 மே மாதம் ஒரு தீ. அடைகாத்திருந்த பெட்டைகள் கூட்டோடு எரிந்தன. கடும் குளிர், பருந்துகள், கோழி நோய் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பௌடின் கல்லூரிப் பேராசிரியர் ஆல்ஃபிரட் கிராஸ் ஆண்டுதோறும் தீவுக்கு வந்து மறைவிடத்தில் இருந்து எண்ணினார், படமெடுத்தார். 1928 டிசம்பருக்குப் பின் அவர் கண்டது ஒரே ஒரு சேவல்.

இத்தாக்காவில் பறவைப் பாட்டு பதிவான அந்த இளவேனிலில், தீவின் பண்ணையொன்றிலிருந்த பழைய ஆட்டக்களத்துக்கு இந்தச் சேவல் தனியே வந்து நின்றது. வர ஒரு பெட்டையும் இல்லை. எதிர்த்துச் சண்டையிட ஒரு சேவலும் இல்லை. 1930-இலும் வந்தது. 1931 ஏப்ரல் 1 அன்று கிராஸும் குழந்தை நூலாசிரியர் தார்ன்டன் பர்ஜெஸும் அதைப் பிடித்துக் காலில் வளையமிட்டு மீண்டும் பறக்கவிட்டார்கள். 1932 மார்ச் 11 அன்று கடைசியாகக் கண்ணில் பட்டது.

ஹீத் கோழிகள் ஆட்டக்களத்தில் ஆடும் திரைப்படம் ஒன்று இருக்கிறது. 1918 வாக்கில் எடுத்தது. நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்து, இப்போது மின்னிலக்க வடிவில் மீட்கப்பட்டிருக்கிறது. சேவல்கள் கழுத்து இறகுகளைக் கொம்புபோல் நிமிர்த்தி, குறுகுறுவென ஓடி, பைகளை ஊதுகின்றன. ஊமைப்படக் காலத்துச் சுருள் அது. அதன் ஓரத்தில் ஒலிக்கோடு இல்லை.